பால் சீட்டைப் படிப்போம்



இங்கே கூடியிருப்பவர்களில் பலர் வீட்டில் கறவை மாடு உண்டு. காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் கொண்டு போகிறீர்கள். பால் ஊற்றியதும் ஒரு சீட்டு தருகிறார்கள். அந்தச் சீட்டை என்ன செய்கிறீர்கள்? சிலர் இடுப்பில் செருகிக்கொள்கிறீர்கள். சிலர் வழியிலேயே போட்டுவிடுகிறீர்கள்.

அந்தச் சின்னச் சீட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அது குஜராத் மாநிலத்தில் உள்ள ஆனந்த் என்ற ஊரின் கதை.

அன்று இருந்த நிலை

1940-களில் ஆனந்த், கேடா மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். சுற்றிலும் உள்ள கிராமங்களில் எருமை வளர்த்தார்கள். ஒரு வீட்டில் ஒன்று, இன்னொரு வீட்டில் இரண்டு. அவ்வளவுதான்.

பால் பம்பாய்க்குப் போனது. 400 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் போக வேண்டும். வழியில் கெடாமல் இருக்க, பாலைச் சூடாக்கி உடனே குளிர வைக்க வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் போல்சன் என்ற தனியார் கம்பெனியிடம்தான் இருந்தது. அரசாங்கமும் பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமையை அந்தக் கம்பெனிக்கே கொடுத்தது.

கிராமத்தில் தரகர் வந்து பால் வாங்குவார். அளவும் விலையும் அவர் சொன்னதுதான். 'பால் புளித்துவிட்டது' என்று அவர் சொன்னால் மறுத்துப் பேச முடியாது. பாலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வாதாட முடியும்?

விவசாயிகள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள், பாலைப் பதப்படுத்தும் வேலையும் உங்கள் கையில் இருக்கட்டும் என்று அவர் வழி காட்டினார். மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார். 1946 ஜனவரி 4-ம் தேதி சமர்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. ஊருக்கு ஒரு சங்கம் அமைப்பது, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைப்பது என்று முடிவு செய்தார்கள்.

அரசாங்கம் முதலில் சம்மதிக்கவில்லை. விவசாயிகள் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். 15 நாட்கள் அங்கிருந்து பம்பாய்க்குப் பால் போகவில்லை. பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14-ம் தேதி ஒன்றியம் பதிவானது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். அவர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து மக்களைச் சேர்த்தார்.

1948-ல் பால் அனுப்பத் தொடங்கினார்கள். முதலில் இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 250 லிட்டர் பால்.

இயந்திரம் வந்தது

சங்கம் அமைந்தால் மட்டும் போதுமா? அவர்களிடம் இருந்தது பழைய இயந்திரம். அடிக்கடி பழுதானது. 1949-ல் வர்கீஸ் குரியன் என்ற இளைஞர் அரசாங்க வேலையாக ஆனந்துக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்துக் கொடுத்தார். பிறகு, இனி இதைக் கட்டி அழ வேண்டாம், புதிது வாங்குங்கள் என்று சொன்னார். திரிபுவன்தாஸ் கடன் வாங்கிப் புது இயந்திரம் வாங்கினார். குரியனும் அரசாங்க வேலையை விட்டுவிட்டு ஒன்றியத்திலேயே சேர்ந்தார்.

அடுத்த தொல்லை குளிர்காலத்தில் வந்தது. குளிர்காலத்தில் எருமை அதிகம் கறக்கும். பம்பாயில் அவ்வளவு பாலையும் வாங்க மாட்டார்கள். மிஞ்சிய பாலை என்ன செய்வது? பவுடராக மாற்றினால் பல மாதம் கெடாது. ஆனால் எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னார்கள். அவர்கள் நாட்டில் பசும்பால்தான் அதிகம்.

ஆனந்தில் எச்.எம். தலாயா என்ற நிபுணர் இருந்தார். அவர் முயன்று பார்த்து, எருமைப் பாலில் பவுடர் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-ம் தேதி பவுடர் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 'அமுல்' என்ற பெயரில் அந்தப் பொருள்கள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த இயந்திரங்களுக்குச் சொந்தக்காரர் யார்? ஒரு எருமை, இரண்டு எருமை வைத்திருந்த விவசாயிகள்தான். முன்பு இயந்திரம் கம்பெனிக்காரர் கையில் இருந்தது. அப்போது விவசாயி அடங்கிப் போனார். இப்போது இயந்திரம் சங்கத்தின் கையில் இருந்தது. அதனால் விவசாயி நிமிர்ந்து நின்றார்.

ஊரோடு உறவு

தொழிற்சாலை ஆனந்தில் இருந்தாலும் சங்கத்தின் வேர் கிராமத்தில் இருந்தது. மேல்சாதி, கீழ்சாதி என்று பாராமல் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றினார்கள். ஒன்றியத்தின் கால்நடை மருத்துவர் கிராமத்துக்கே வந்தார். சினை ஊசி கிடைத்தது. நல்ல மாட்டுத் தீவனம் நியாயமான விலைக்குக் கிடைத்தது.

1975-ல் திரிபுவன்தாஸ் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். கிராமத்தைச் சேர்ந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, தாய் சேய் நலத்துக்காகப் பாடுபட்டார்கள். மாட்டுக்கு மருத்துவர் வருகிறார், மனிதருக்கு யார் வருவார் என்ற கேள்விக்கு அது பதில்.

1964-ல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு அருகில் அஜர்புரா கிராமத்தில் ஓர் இரவு தங்கினார். மக்களோடு பேசி, எல்லாம் கேட்டறிந்தார். இந்த முறை நாடு முழுவதும் பரவ வேண்டும் என்று விரும்பினார். 1965-ல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் நடந்தது. 1998-ல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதல் இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஆவினுக்குப் பால் ஊற்றும் சங்கங்களும் இதே வழியில் வந்தவைதான்.

சீட்டு சொல்லும் கணக்கு

பாலின் விலை அளவை மட்டும் பொறுத்தது அல்ல. கொழுப்புச் சத்தையும் பொறுத்தது. முன்பெல்லாம் சிறு கண்ணாடிக் குழாயில் பாலையும் அமிலத்தையும் ஊற்றிச் சுழற்றுவார்கள். கொழுப்பு தனியாக மேலே வரும். அதை அளந்து எழுதுவார்கள். நேரம் ஆகும்.

இப்போது பல சங்கங்களில் மின்சாரத் தராசும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. எடை, கொழுப்பு, தொகை மூன்றும் சில நொடியில் சீட்டில் வந்துவிடும். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கொழுப்புக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 5 கிலோ பால் ஊற்றுகிறீர்கள். கொழுப்பு 100-க்கு 6 பங்கு. அப்படியானால் உங்கள் பாலில் 300 கிராம் கொழுப்பு இருக்கிறது. உங்களுக்கு வர வேண்டியது 240 ரூபாய்.

சீட்டில் 6-க்குப் பதில் 5 என்று தவறாக விழுந்தால்? கொழுப்பு 250 கிராம்தான். 200 ரூபாய்தான் வரும். ஒரு வேளைக்கு 40 ரூபாய் நட்டம். இரண்டு வேளைக்கு 80 ரூபாய். 30 நாளுக்கு 2,400 ரூபாய்!

இயந்திரம் பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் சரியாகத் துடைக்காத, சரி பார்க்காத இயந்திரம் தப்புக் கணக்குக் காட்டும். சீட்டைப் படிக்காதவருக்கு அந்த இயந்திரமும் பழைய தரகரைப் போலத்தான்.

ஆகவே நான்கு காரியங்களை மறக்காதீர்கள்.

1. பால் ஊற்றும் முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.
2. பாலை நன்றாகக் கலக்கிய பிறகே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.
3. சீட்டில் உள்ள எடை, கொழுப்பு, தொகை மூன்றையும் அங்கேயே படியுங்கள். சந்தேகம் இருந்தால் மறுபடி சோதிக்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.
4. சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கூட்டிப் பார்த்து, வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. புல் அறுப்பதும், தண்ணீர் காட்டுவதும், பால் கறப்பதும் பெரும்பாலும் நீங்கள்தான். சங்கத்தின் பதிவேட்டில் உறுப்பினர் பெயர் யாருடையது? கணவர் பெயர் மட்டும் இருந்தால், உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பேரவைக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். வரவு செலவைப் படிக்கும்போது கேள்வி கேளுங்கள்.

ஆனந்த் மக்கள் சங்கம் தொடங்கியபோது அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. ஒற்றுமையை வைத்தே அவ்வளவு தூரம் வந்தார்கள். உங்களிடம் இப்போது எழுத்தும் இருக்கிறது. நாளைக் காலையில் வாங்கும் சீட்டிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.