படத்தில் உள்ள மூளையும் நம் தலைக்குள் உள்ள மூளையும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிப்பவன் நான். என்னிடம் வருபவர்கள் எல்லாரும் உங்களிடம் படித்துவிட்டு வருபவர்கள். படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதில் கெட்டிக்காரர்கள். அந்தப் பெருமை உங்களையே சேரும். ஆனால் உண்மையான உடலைப் பார்க்கத் தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும்: “சார், புத்தகத்தில் இருப்பதுபோல் இதில் இல்லையே, ஏதாவது கோளாறா?” அந்தக் கேள்விக்கான விடை பள்ளியிலேயே தொடங்க வேண்டியது என்பது என் கருத்து. அதை மூளையின் தமனிகளை வைத்து விளக்குகிறேன்.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் இரத்தம் அங்கே போயாக வேண்டும். சேமித்து வைத்துச் செலவழிக்கும் வசதி மூளைக்குக் கிடையாது. இரத்த ஓட்டம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும்; சில நிமிடங்களில் செல்கள் மடியத் தொடங்கும்.

இந்த இரத்தம் நான்கு குழாய்கள் வழியாக மேலே செல்கிறது. கழுத்தின் முன்பக்கம் இருபுறமும் இரண்டு கரோட்டிட் தமனிகள். பின்பக்கம், கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே ஏறும் இரண்டு முள்ளெலும்புத் தமனிகள். பின்னவை இரண்டும் மூளைத்தண்டின் முன்புறம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தமனியாகின்றன. மூளையின் அடிப்பரப்பில் முன்னிருந்து வரும் இரத்தத்தையும் பின்னிருந்து வரும் இரத்தத்தையும் மெல்லிய இணைப்புத் தமனிகள் இணைத்து ஒரு வளையமாக்குகின்றன. அதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர்.

ஊரின் குடிநீர்க் குழாய்களை வளையமாக இணைத்திருந்தால் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1664-இல் வெளியிட்ட மூளை உடற்கூறியல் நூலில் இந்த வளையத்தை விளக்கினார். அவருக்கு முன்பே சிலர் இதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் இது எதற்காக இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னவர் அவர். நூலின் படங்களை வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். பின்னாளில் லண்டன் புனித பால் பேராலயத்தை வடிவமைத்த அதே ரென்தான்.

வில்லிஸ் ஒரு பக்கக் கரோட்டிட் தமனியில் நிறமேற்றிய திரவத்தைச் செலுத்தினார். அது மறுபக்கக் கிளைகளிலும் பரவியது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் தலையைத் திறந்தபோது, ஒரு பக்கக் கரோட்டிட் தமனி கெட்டியாகி ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது. ஆனால் அந்த மனிதர் பக்கவாதத்தால் சாகவில்லை. அதே பக்கத்து முள்ளெலும்புத் தமனி மற்றதைப்போல் மூன்று மடங்கு பருத்து, குறையை ஈடுசெய்திருந்தது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பாடநூலில் அழகாக, இருபுறமும் ஒத்து, முழுமையாக வரையப்பட்டிருக்கும் அந்த வளையம் எத்தனை பேருக்கு இருக்கிறது? 1959-இல் ஆல்பர்ஸ் குழுவினர் நோயற்ற 350 மூளைகளை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 52 விழுக்காட்டில்தான் பாடநூல் வடிவம் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் அது பாதிக்கும் குறைவு. அதாவது, இந்த அரங்கில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் படத்தில் உள்ள வளையம் இருக்காது. அவர்கள் படித்தார்கள், வேலைக்கு வந்தார்கள், பாடம் நடத்துகிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

என்னென்ன மாறுகிறது? பின்பக்க இணைப்புத் தமனி நூல்போல் மெலிந்திருக்கலாம், இல்லாமலே போகலாம். முன்பக்கத் தமனிகளில் ஒன்று சிறுத்து, மற்றொன்றே இரு பக்கத்துக்கும் இரத்தம் கொடுக்கலாம். முள்ளெலும்புத் தமனிகள் இரண்டும் பலருக்கு ஒரே பருமனாக இருப்பதில்லை. பெரும்பாலும் இடப்பக்கத்தது பெரியது.

இன்னொரு வகைக்குக் காரணம் கருப்பையிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் மூளையின் பின்பகுதிக்கும் கரோட்டிட்தான் இரத்தம் கொடுக்கும். வளர வளர அந்தப் பொறுப்பு முள்ளெலும்புத் தமனிகளுக்குக் கைமாறும். சிலருக்கு ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ அது கைமாறாமலே நின்றுவிடுகிறது. இது நோயல்ல. வளர்ச்சி சென்ற வேறொரு வழி, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு நல்லதா, கெட்டதா? எங்கே அடைப்பு வருகிறது என்பதைப் பொறுத்தது. இப்போது சொன்ன அமைப்பு உள்ளவருக்குக் கரோட்டிட் அடைத்தால், மூளையின் பின்பகுதியும் சேர்ந்து பாதிக்கப்படும். அவருக்கே பின்பக்கத் தமனி அடைத்தால், அந்தப் பகுதி தப்பித்துவிடும். ஒரே அமைப்பு ஓரிடத்தில் பலவீனம், ஓரிடத்தில் காப்பு. அதனால்தான் மூளைத் தமனிகளில் சிகிச்சை செய்பவர்கள் பாடநூல் படத்தை நம்பி இறங்குவதில்லை. அந்த நோயாளியின் தமனிகளை முதலில் படமெடுத்துப் பார்க்கிறார்கள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். “படம் தவறா?” என்று மாணவர் கேட்டால், “தவறில்லை, அது ஊருக்குப் போகும் வழியைக் காட்டும் வரைபடம், ஒவ்வொரு வீட்டின் வாசலையும் அது காட்டாது” என்று சொல்லலாம்.

இதைக் கண்ணால் காட்டவும் வழி இருக்கிறது. மாணவர்கள் தங்கள் இரு புறங்கைகளிலும் தெரியும் சிரைகளை வரைந்து ஒப்பிடட்டும். ஒரே பிள்ளையின் இடக்கையும் வலக்கையும்கூட ஒத்திருக்காது. பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டை விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கச் சொல்லுங்கள். பலருக்கு மணிக்கட்டின் நடுவே ஒரு தசைநாண் புடைத்துத் தெரியும். சிலருக்கு ஒரு கையில் மட்டும் தெரியும். சிலருக்கு இரண்டிலும் இருக்காது. இல்லாத பிள்ளையின் கைவலு அதனால் குறைந்துவிடுவதில்லை. வகுப்பில் ஒரு முறை எண்ணிப் பட்டியலிட்டால் போதும். பரிணாமப் பாடத்தில் வரும் ‘வேறுபாடு’ என்ற சொல் தேர்வுக்கான சொல்லாக இல்லாமல், பிள்ளைகளின் சொந்தக் கையில் இருக்கும் உண்மையாகிவிடும்.

அப்போது ஒரு சொல்லில் மட்டும் கவனமாக இருக்க வேண்டுகிறேன். ‘இயல்பற்றது’, ‘குறை’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘மற்றொரு அமைப்பு’ என்றே சொல்லுங்கள். கையில் தசைநாண் இல்லை என்று கண்டுபிடித்த பிள்ளை அன்று மாலை வீட்டுக்கு எந்த முகத்தோடு போகிறது என்பது நாம் சொல்லும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. முழு வளையம் உள்ளவரும் பக்கவாதத்திலிருந்து தப்பிவிடுவார் என்று எண்ண வேண்டாம். வளையத்தைத் தாண்டிய கிளையில் அடைப்பு வந்தால் வளையத்தால் காப்பாற்ற முடியாது. மெதுவாக வரும் அடைப்புக்கு உடல் மாற்று வழி தேடிக்கொள்ளும். திடீர் அடைப்புக்கு அந்த அவகாசம் இல்லை. திடீரென வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். இந்த மூன்று அறிகுறிகளையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். நம் தலைக்குள் எந்த வளையம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நேரத்தை வீணாக்காமல் இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.