சீனர் பேட்டையில் ஓர் அங்காடி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொய்வின்றிக் கூடிவருவது எளிய செய்தியன்று. அரங்கு கிடைத்த மாதம் அரங்கிலும், கிடைக்காத மாதம் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியிலுமாகக் கூடி, கவிதை வாசித்து, வாதிட்டு, நண்பர்களாகவே கலைந்து சென்றிருக்கிறோம். இந்த நிறைவு விழாவில் யாப்பைப் பற்றியோ புதுக்கவிதையின் போக்கைப் பற்றியோ நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் ஒரு கடைவீதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நம் ஊரிலிருந்து கடல் கடந்து, சிங்கப்பூரில் சீனர் பேட்டையில் இருக்கிறது. ஆயினும் அதைப் பற்றிப் பேசினால் மதுரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது என்பதை உரையின் போக்கில் உணர்வீர்கள்.

முதலில் நம் சொந்தப் பழமையை நினைவுகூர்வோம். பத்துப்பாட்டில் மிக நீண்டது மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது, 782 அடிகள். நிலையாமையைச் சொல்ல வந்த புலவர், கூடல் நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் எத்தனை விரிவாகக் காட்டுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். பகற்கடையில் எவ்வளவு வாங்கினாலும் பண்டம் குறைவதில்லை, எவ்வளவு கொண்டுவந்து குவித்தாலும் மிகுவதில்லை; அது கடலைப் போன்றது என்கிறார். இரவுக் கடையின் ஆரவாரத்தைப் பலவகைப் பறவைகளின் ஒலிக்கு ஒப்பிடுகிறார். அந்த ஆரவாரத்திற்கு அவர் இட்ட பெயர் 'கம்பலை'. அழியக்கூடியவை என்று அவருக்குத் தெரிந்திருந்தும், அழியும் முன் அவற்றின் ஓசையைப் பாட்டில் பிடித்து வைத்தார். நெடுஞ்செழியனின் அரண்மனை எங்கே இருந்தது என்று இன்று விரல் சுட்டிக் காட்ட இயலாது. அவன் நகரத்துக் கடைவீதியின் ஓசையோ நம் காதில் விழுகிறது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'சைனாடவுன்' என்று தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். சீனர்களோ அந்தப் பகுதியை அப்படி அழைப்பதில்லை. அவர்கள் எழுதும் மூன்று எழுத்துகளுக்கு மாடு, வண்டி, நீர் என்று பொருள். மலாய்க்காரர் சொல்லும் 'கிரேத்தா ஆயர்' என்பதும் தண்ணீர் வண்டிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிணற்று நீரை மாட்டுவண்டியில் ஏற்றி அந்தக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மாடும் இல்லை, வண்டியும் இல்லை. நீரோ குழாயில் வருகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் நெல்பேட்டையையும் வெங்கலக்கடைத் தெருவையும் நினைத்துக்கொண்டேன்.

நிலையத்திலிருந்து மேலேறி வந்தால் பகோடா தெரு. அதன் கோடியில் நிற்பது சீனப் பகோடா அன்று. நம் மாரியம்மன் கோயில். 1819இல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவியது. அதன் கோபுரத்தால்தான் தெருவுக்கே அந்தப் பெயர். அடுத்த தெரு கோயில் தெரு. அதுவும் இந்தக் கோயிலால் வந்த பெயரே. மறுபக்கம் மசூதித் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசலால் வந்த பெயர். ஆக, சீனர் பேட்டையின் நடுவே மூன்று தெருக்கள் தமிழர் எழுப்பிய வழிபாட்டிடங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஐப்பசியில் இந்தக் கோயிலில்தான் தீமிதி நடைபெறுகிறது. 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகர வரைபடம் சீனருக்கு ஓரிடம், சூலியருக்கு ஓரிடம் என்று பிரித்துக் கோடு போட்டது. வாழ்க்கை அந்தக் கோட்டை மதிக்கவில்லை.

அந்தத் தெருக்கள் அழகாகப் பேணப்படுகின்றன. 1989இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளின் முகப்புகள் செப்பனிடப்பட்டு, சன்னல்கள் பலநிறச் சாயம் பூசிக்கொண்டு நிற்கின்றன. தெருவில் அமர்ந்து விற்றவர்களோ அதற்கு முன்பே, 1983 அளவில், அரசு கட்டிய அடுக்குமாடி அங்காடிக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். நான் சென்ற பிற்பகலில் அத்தெருக்களில் பெரும்பாலும் என்னைப் போன்ற பயணிகளே நடந்தார்கள். காந்தம் ஒட்டிய நினைவுப் பொருள்கள், விசிறிகள், பட்டுப்பைகள் விற்றார்கள். விலை அட்டையில் இருந்தது. பேரம் பேச எவருக்கும் வேலை இல்லை.

பெருஞ்சாலைகளைக் கடந்து எதிர்ப்புறம் சென்றேன். அங்கேதான் நான் சொல்ல வந்த அங்காடி இருக்கிறது: பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். மக்கள் பூங்கா என்று பொருள்படும் அந்தப் பெயர் வெறும் அலங்காரமன்று. அங்கே முன்பு பூங்கா இருந்தது. பின்னர் திறந்தவெளிக் கடைகள் நெருங்கி நின்றன. 1966இல் ஒரு தீ விபத்தில் அவை எரிந்துபோயின. அந்த இடத்தில்தான் ஆறு மாடி அங்காடியும் அதன்மேல் இருபத்தைந்து மாடிக் குடியிருப்புமாக முப்பத்தொரு மாடிக் கட்டடம் எழுந்து, 1973இல் நிறைவுற்றது. வடிவமைத்தவர்கள் வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியோ சுவான் என்னும் கட்டடக் கலைஞர்கள். நம் ஊர்களில் இன்று 'மால்' என்று அழைக்கும் கட்டடங்களுக்கு அது ஒரு முன்னோடி.

அந்தக் கலைஞர்கள் செய்த ஒரு செயல் என்னைக் கவர்ந்தது. கட்டடத்தின் நடுவே பல மாடி உயரத்திற்கு வெற்றிடம் ஒன்றை விட்டார்கள். வாடகை வரக்கூடிய இடத்தை வீணாக்குவது போன்ற செயல் அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நகரக் கூடம்'. வீட்டுக்குக் கூடம் இருப்பது போல நகரத்துக்கும் ஒரு கூடம் வேண்டும். வாங்குகிறவரும் வாங்காதவரும் அங்கே வந்து நிற்கலாம், பேசலாம் என்பது கருத்து. எரிந்துபோன சந்தையில் இருந்த ஏதோ ஒன்று, கூரைக்குள் வரும்போது அற்றுப்போகக் கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நான் அங்கே கண்டதைச் சொல்கிறேன். கட்டடம் அழுக்கேறியிருக்கிறது. கூடத்தின் பரப்பைச் சிறு கடைகள் நெருக்கியிருக்கின்றன. மூலிகை மருந்துக் கடையில் வேர்களும் உலர்ந்த காளான்களும் கண்ணாடிச் சாடிகளில் இருக்கின்றன. நம் நாட்டு மருந்துக் கடையின் மணத்திற்கு அது தூரத்து உறவு. துணிக்கடை, நகைக்கடை, பயணச்சீட்டு முகவர், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, பாதம் பிடித்துவிடும் கடை என்று வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர்களில் பலர் அண்மைக் காலத்தில் சீனாவிலிருந்து வந்தவர்கள். முதியவர்கள் எதையும் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுந்து போகச் சொல்ல ஆளில்லை. ஒரு மூதாட்டி மருந்துக் கடைக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார். மொழி எனக்கு விளங்கவில்லை. பேச்சின் ஏற்ற இறக்கம் முழுவதும் விளங்கிற்று. இல்லாத கோபம், போவது போல் இரண்டடி எடுத்து வைத்தல், கூப்பிடும் குரல், திரும்பி வருதல். கீழமாசி வீதியில் நம் பாட்டிமார் செய்தது அதுவேயன்றோ? மாங்குடி மருதனாரின் கம்பலை அந்தக் கூரைக்குள் இருந்தது.

பழைமை பேணப்பட்ட தெருவில் முகப்பு இருக்கிறது, குரல் இல்லை. அழுக்கேறிய புதிய கட்டடத்தில் குரல் இருக்கிறது. அந்த அங்காடியை எவரும் அழகென்று சொல்வதில்லை. அதைக் கூட்டாக விற்றுவிடும் பேச்சும் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. ஒரு தீக்குப் பின் பிழைத்த குரல், ஒரு விற்பனைப் பத்திரத்தால் கலைந்துபோகக் கூடும்.

தீ என்றதும் உங்கள் மனம் எங்கே சென்றிருக்கும் என்பதை அறிவேன். 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் எரிந்தன; கல்தூண்களும் கூரையும் சிதைந்தன. அதன்பின் கோயில்களில் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபத்திலிருந்த கடைகளும் 2020களின் தொடக்கத்தில் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரம் வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டன.

கடைகளை அகற்றியது முறையே என்பது என் கருத்து. நாயக்க மன்னர்களின் சிலைகள் துணிமூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து நின்ற காலம் போனது நல்லதே. கல்லுக்கு நீதி கிடைத்தது. ஆனால் அந்தத் தூண்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகத் தையல் இயந்திரம் மிதித்தவர்களின் பேச்சுக்கு என்ன கிடைத்தது? சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் பூணுகிறவர்கள் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்து உடைக்கு அளவு கொடுத்த இடம் அது. சல்லடம், உருமால், தோப்பறை, திரி என்று அந்த வேடத்தைச் சார்ந்த சொற்கள் அந்தத் தூண்களுக்கிடையே அன்றாடம் புழங்கின. பாத்திரம், வளையல், பழைய புத்தகம், பூசைப் பொருள் என்று ஒவ்வொரு கடைக்கும் அதன் சொற்கள் உண்டு. கடை மாறியதோடு அந்தச் சொற்களும் பத்திரமாக இடம்பெயர்ந்தனவா? எந்த அரசாணையும் இதைக் கவனிக்காது. கவனிக்க வேண்டியவர்கள் நாம்.

கோகலே சாலையில் 2012இல் திறந்த மாலுக்கு நம் பிள்ளைகள் செல்கிறார்கள், செல்லட்டும். குளிர்ந்த காற்றும் நகரும் படிக்கட்டும் யாருக்குத்தான் வேண்டாம்? மால் என்றால் பகை, பழைய தெரு என்றால் புனிதம் என்று நம் கவியரங்குகளில் எழும் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. புலம்புகிறவர் பெரும்பாலும் உற்றுப் பார்ப்பதில்லை. மாலின் வாயிற்காவலர் எந்த ஊரிலிருந்து வருகிறார், படிக்கட்டில் முதல்முறை கால் வைக்கத் தயங்கும் வாடிப்பட்டி அம்மாளுக்குப் பேத்தி என்ன சொல்லித் தைரியம் கொடுக்கிறாள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அதுவும் கம்பலைதான்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருந்தார். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் மேடான் நகரில் வட்டிக்கடையில் வேலை பார்த்து, திரும்பி வந்து மதுரையில் பத்திரிகைப் பணியில் பல்லாண்டுகள் கழித்த ப. சிங்காரம். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் மேடானும் பினாங்கும் மதுரையும் ஒரே மனத்தின் தெருக்களாக ஓடுகின்றன. வட்டிக்கடைத் தமிழும் மலாய்ச் சொற்களும் மதுரைப் பேச்சும் அதில் ஓசையோடு இருக்கின்றன. 1997இல் அவர் மறைந்தபோது இந்நகரம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கேட்டு எழுதியவை இன்று நமக்கு இருக்கின்றன. அவர் எழுதாமல் விட்ட கடைவீதிகள் நமக்கு இல்லை.

சிலம்பின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதிகளைக் கண்டு மகிழ்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணி வீதி, கூல வீதி என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். பின்னர்ச் சிலம்பு விற்கச் சென்ற கோவலன் பொற்கொல்லனை எதிர்ப்படுவதும் வீதியிலேதான். அந்த வீதிகளை நாம் முன்னரே கண்டு களித்திருப்பதால்தான் அவன் கொலை நம்மை அப்படித் தாக்குகிறது. கவிதைக்கு வாழ்வின் சாட்சியம் எங்கே கிடைக்கும் என்பதை அடிகள் அறிந்திருந்தார்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஒரு கடைவீதியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் குன்னத்தூர்ச் சத்திரத்துத் தையற்காரர்களிடம் செல்லட்டும். ஒருவர் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியலில் நிற்கட்டும். ஒருவர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரிடம் அந்தக் கணக்கைக் கேட்டு வரட்டும். சொற்களை அவர்கள் சொன்னபடியே குறித்து வாருங்கள். மாதக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் அவற்றை வாசிப்போம். கவிதை அதன்பின் தானே வரும். அடுத்த தீயோ அடுத்த திட்டமோ எந்தத் தெருவுக்கு வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. வரும்போது நம் குறிப்பேடுகளாவது நிறைந்திருக்கட்டும்.