நோய்க்காலத்தில் கால்நடைப் போக்குவரத்து

(திருவரங்கத்தில், சுற்று வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு நம் திருவரங்கம். இரு புறமும் ஆறுகள் காவல் காப்பதால் மாட்டு நோய் எளிதில் இங்கு அணுகாது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், மணப்பாறைச் சந்தையில் நேற்று வாங்கிய மாடு, இன்று காலை காவிரிப் பாலத்தைக் கடந்து நம் கொட்டிலில் நிற்கிறது. மாடு வரும் வழியே நோயும் வரும். ஆகவே, நோய்க்காலத்தில் கால்நடைகளை எப்பொழுது நகர்த்தலாகாது, நகர்த்த நேர்ந்தால் எவ்வாறு நகர்த்த வேண்டும் என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் கோமாரி நோய் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காவிரிப் பாசன மாவட்டங்களில் கறவை மாடுகளும் கன்றுகளும் மடிந்தன. பல இடங்களில் மாட்டுச் சந்தைகள் மூடப்பட்டன. கோமாரியில் பிழைக்கும் மாடுகளிலும் பல, பழைய அளவுக்குப் பால் கறப்பதில்லை.

இந்நோயின் கிருமி உடலில் புகுந்த 2 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சலும், வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்களும் தோன்றும். இதில் பெரிய அபாயம் ஒன்று உண்டு. கொப்புளம் தோன்றுமுன்பே பாலிலும் உமிழ்நீரிலும் மூச்சிலும் கிருமி வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. பார்வைக்கு நலமாயிருக்கும் மாடும் நோயைச் சுமந்து செல்லக்கூடும்.

இங்கேதான் நாம் தவறுகிறோம். கொட்டிலில் ஒரு மாடு படுத்துவிட்டால், மற்றவையும் போவதற்குள் விற்றுவிடுவோம் என்று சந்தைக்கு ஓட்டுகிறோம். அப்படிச் செய்பவரைக் குறை கூறுவது எளிது. கடன்பட்டு வாங்கிய மாடு. பால் நின்றால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. ஆயினும், அம்மாட்டை வாங்குபவரும் அவரைப் போன்ற ஓர் உழவரே அல்லவா? ஒரு வீட்டின் நட்டம் சந்தை வழியாகப் பத்து ஊர்களின் நட்டமாகிவிடுகிறது.

சட்டமும் இதையே கூறுகிறது. கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புக்காக மத்திய அரசு 2009இல் இயற்றிய சட்டப்படி, நோய் உண்டென்று ஐயுறும் உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ அறிவிக்க வேண்டும். நோயுற்ற மாட்டைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டும். கட்டுப்பாட்டுப் பகுதி என்று அரசு அறிவித்த இடத்தில் கால்நடைகளின் போக்குவரத்துக்கும் சந்தைக்கும் தடை உண்டு. எனவே ஊராட்சி உறுப்பினர்களே, முதல் செய்தி வருவது உங்களிடமே. அன்றே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

நோயில்லாத ஊரிலிருந்து மாட்டைக் கொண்டுவர நேர்ந்தால் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள். தடுப்பூசி போட்டு மூன்று வாரங்களாவது கடந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் தகுதிச் சான்று பெறுங்கள். சரக்கு வண்டியொன்றில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றுமுன்பும் இறக்கிய பின்பும் வண்டியின் சாணத்தை அகற்றிக் கழுவி, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தெளியுங்கள். தீவனமும் தண்ணீரும் உடன் கொண்டு செல்லுங்கள்; வழியில் பொதுத் தொட்டியில் நீர் காட்டாதீர்கள். வந்த மாட்டை 21 நாட்கள் தனியே கட்டுங்கள். பழைய மாடுகளைக் கவனித்த பின்னரே புதிய மாட்டிடம் செல்லுங்கள். பிறகு கை கால்களைக் கழுவுங்கள்.

மற்றொன்றும் உண்டு. அறுவடைக்குப் பின் வயல்களில் கிடை போட வெளியூர் ஆடுமாடுகள் வருகின்றன. நிலத்துக்கு எரு வேண்டும். கிடைக்காரருக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் ஆடுகளில் கோமாரியின் அடையாளம் வெளிப்படையாகத் தெரிவதில்லை. முன்பு எந்த ஊரில் கிடை கிடந்தது, அங்கே நோய் உண்டா என்று விசாரித்த பின்னரே இடம் கொடுங்கள். நோயுள்ள பகுதியிலிருந்து வந்தால், அவ்வாண்டு கிடையின்றியே இருப்பது நலம்.

நம் பாட்டன்மார் வெக்கை நோய்க்கு அஞ்சி வாழ்ந்தார்கள். 1995க்குப் பின் இந்நாட்டில் அது காணப்படவில்லை; 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும், நோய்ச் செய்தியை மறைக்காத மக்களுமே அதை வென்றார்கள். கோமாரியையும் நாம் வெல்லலாம். அதற்கு முதற்படி, நோய் கண்ட அன்று மாட்டைக் கட்டுத்தறியிலேயே நிறுத்துவதாகும். அவ்வாறு நிறுத்தும் உழவர் தம் மாட்டை மட்டுமன்றி, ஊரின் மாடுகளையும் காக்கிறார்.