பவளத்தின் காவலர்கள்

வைரஸ் என்றாலே நமக்கு நோய்தான் நினைவுக்கு வரும். பவளப்பாறையில் கதை வேறு. உயிருள்ள பவளத்தின் மேல் கோழைபோல் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். பாக்டீரியாக்களுக்கு அது நல்ல தீனி. ஆனால் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள் அங்கே மொய்த்துக் கிடக்கின்றன. அவற்றின் ஓட்டிலுள்ள புரதம் கோழையின் சர்க்கரையைப் பற்றிக்கொள்ள, வந்து சேரும் பாக்டீரியா அங்கேயே அழிகிறது. 2013இல் அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பார், ஃபாரஸ்ட் ரோவர் குழுவினர் இதை விளக்கினார்கள். நம் பல் ஈறிலும் இதே ஏற்பாடுதான்!

கவலை தருவது இன்னொன்று. பாசியை மேயும் மீன்களை வரம்பின்றிப் பிடித்தால் பாசி மண்டுகிறது, கூடவே பாக்டீரியாவும் பெருகுகிறது. அப்போது பல ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்வதை விட்டுவிட்டு, அதன் மரபணுத் தொகுதிக்குள்ளேயே குடியேறிவிடுகின்றன. காவல் தளர, பவளம் நோய்க்கு ஆளாகிறது.