பிள்ளையின் விருப்பத்திற்குத் துணை நிற்போம்

(ஏற்காட்டில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக, "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்று வீடு வீடாகச் சென்று வேண்டி வந்தோம். இன்று மேலும் ஒன்று வேண்டுகிறோம்: "என்னவாக விரும்புகிறாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை, "நான் மருத்துவராவேன்" என்றால் சிலர் நகைக்கிறார்கள், சிலர், "அதெல்லாம் நமக்கு எட்டுமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். பிறர் நமக்கு இட்ட எல்லையை நம் பிள்ளைக்கு நாமே இடலாமா?

அண்ணல் அம்பேத்கரின் இளமையை எண்ணிப் பாருங்கள். சிறுவன் பீமனுக்கு நூல்களின்மீது தணியாத வேட்கை. தந்தை இராம்ஜி, கையில் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்மக்களின் நகைகளை வாங்கி அடகு வைத்து நூல்கள் வாங்கித் தந்தார். அம்மாணவரின் ஆர்வத்தைக் கண்டுகொண்ட ஆசிரியர் கேளுஸ்கர், 1907-இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னரிடமும் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913-இல் அம்மன்னரின் உதவியாலேயே அண்ணல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். உழைப்பு அவருடையது, வீடும், ஆசிரியரும், வாயிலைத் திறந்துவிடும் ஒருவரும் துணை நின்றனர்.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலும் இதுவே நிகழ்ந்தது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலுவைத் தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். கைப்பந்தில் நாட்டங்கொண்ட அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். பெங்களூருவில் பயிற்சியளித்தவர் சத்தியநாராயணா. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம்.

எனவே, பெற்றோரே! நகைக்காமல் கேளுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். உங்கள் ஆசையை அதன் தலையில் ஏற்றவும் வேண்டாம்.

இளைஞர்களே! பிள்ளை விரும்பும் தொழிலில் இருப்பவரிடம் அதனை அழைத்துச் செல்லுங்கள். செடிகொடிகளில் நாட்டமுள்ள பிள்ளைக்காக நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இவ்வேற்காட்டிலேயே 1963-இல் அமைந்தது. 'வெர்னோனியா சேர்வராயென்சிஸ்' என, இம்மலையின் பெயரையே தாங்கிய அரிய மரமும் இங்குண்டு. அதனை ஆராயும் அறிஞர் நம் தோட்டக் குடியிருப்பிலிருந்து தோன்றலாகாதா?

நம் சங்கத்தின் கடமையும் தெளிவானதே. பட்டியல் வகுப்பு மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகை 1944-இல் தொடங்கி இன்றும் நடைமுறையில் உள்ளது. சாதிச் சான்றிதழோ, வருமானச் சான்றிதழோ, விண்ணப்பமோ உரிய காலத்தில் சேராமல் அதனை இழக்கும் பிள்ளை நம்மிடையே ஒருவர்கூட இருத்தலாகாது.

பிள்ளையின் விருப்பம் நாளை மாறலாம்; மாறட்டும். தன் சொல்லைப் பெரியவர்கள் மதித்தார்கள் என்ற துணிவு அதனிடம் நிலைத்திருக்கும். அத்துணிவை இன்றிரவே நம் இல்லங்களில் விதைப்போம்.