துளசி பூக்கட்டும்
(யோங் பெங் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

“கொடி நல்லாத்தான் ஓடுது டீச்சர், ஆனா பூசணிப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து போவுது” என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. உடனே உரம் வாங்கிப் போடுகிறோம். பல சமயம் குறை உரத்தில் இல்லை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் சின்னப் பிஞ்சோடு வருவது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தம் அதில் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். விடியலில் விரியும் பூ, உச்சிவேளைக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும்.

பூச்சியின் அருமை செம்பனைக் காட்டில் உழைத்தவர்களுக்குத் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனையை 1917ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தோட்டப் பயிராக நட்டார்கள். மரம் வந்தது, அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டு வரவில்லை. ஆகவே பல தோட்டங்களில் நம்மவர்கள் மரம் மரமாகப் போய், பெண் பூக்குலையில் மகரந்தத் தூளை ஊதினார்கள். ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டில் அந்த வண்டை ஆராய்ந்தார். 1981ஆம் ஆண்டு, நமக்குப் பக்கத்துக் குளுவாங்கில் அது விடப்பட்டது. காய்ப்பிடிப்பு கூடியது. தூள் ஊதும் வேலையும் அதோடு நின்றது. கூலி கொடுத்துச் செய்த வேலையை, கடுகு போன்ற ஒரு வண்டு எடுத்துக்கொண்டது!

நம் கொல்லைக்குக் கப்பலில் பூச்சி வரவேண்டியதில்லை. தேனீயும், மலாய்க்காரர்கள் கெலுலுட் என்று சொல்லும் கொடுக்கில்லாத சின்னத் தேனீயும் இங்கேயே இருக்கின்றன. ஆனால் பூசணி பூக்காத நாளிலும் அவற்றுக்குத் தேன் வேண்டுமே! லயத்தைச் சுற்றிப் புல்பூண்டு இல்லாமல் மருந்தடித்துவிட்டால் அவை எங்கே போகும்?

அதற்குத்தான் துளசி. காய்ந்த கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் விதை நிற்கும். பழைய பால்டின்னில் துளை போட்டு, மண்ணும் மட்கிய சாணமும் நிரப்புங்கள். விதையை மேலாகத் தூவுங்கள். ஆழப் புதைத்தால் முளைக்காது. தண்ணீரைக் கையால் தெளியுங்கள். நம் ஊர் மழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும், தாழ்வாரத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஆறு இலை வந்ததும், வெயில் படும் இடத்தில் ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது.

இலை நிறைய வேண்டுமென்று கதிரையெல்லாம் கிள்ளிவிடுகிறோம். பூசைக்கும் கஷாயத்துக்கும் பாதிச் செடி போதும். மீதிப் பாதி பூக்கட்டும். காலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேனீ வேலை செய்யும் நேரம் அது.

இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளும் சரி, வாங்காத பிள்ளைகளும் சரி, வாசலில் வைத்திருக்கும் துளசி விதையில் ஒரு சிட்டிகை எடுத்துச் செல்லுங்கள். காய் பிடித்ததும் எனக்கு வந்து சொல்லுங்கள்.