பொருத்தின் வலிமை

(மணிமங்கலத்தில் தச்சுப் பயிலும் இளைஞரிடையே ஆற்றிய உரை)



சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வென்ற களங்களுள் நும் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறும். அவ்வூரில் இன்று யான் பேச வந்தது வாட்போர் பற்றியன்று. உளியின் வேலை பற்றியே.

ஒரகடத்து ஆலைகளுக்குப் பொறியுறுப்புகள் வந்திறங்கும் மரப்பெட்டிகளை நோக்குங்கள். பலகையோடு பலகையை முட்டவைத்து ஆணி அறைந்திருப்பர். அது முட்டுப்பொருத்து, பொருத்துகளுள் வலிமை குன்றியது. மரத்தின் இழைகள் நுண்குழல்கள் ஆதலின், வெட்டுமுகத்தில் தடவிய பசையை அவை உறிஞ்சிவிடும். இழைபோகும் வழியே இறங்கிய ஆணியும் எளிதிற் கழலும்.

இரு மரத்தையும் பாதிப்பாதி குறைத்துப் படியவைப்பது அரைப்பொருத்து. பசை பற்றும் பரப்பு இதில் மிகும்; ஆனால், குறைத்த இடத்தில் மரம் மெலியும்.

கதவுநிலைக்கு உரியது துளைக்கழுந்துப் பொருத்து. கழுந்தின் தடிப்பு மரத்தடிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காதல் வேண்டும். மிகுந்தால் துளையின் இரு புறமும் பிளக்கும். குறைந்தால் கழுந்து ஒடியும். குறுக்கே ஒரு மரமுளை அடித்துவிட்டால் பசையின்றியும் நிற்கும்.

இழுப்பறைக்கு ஏற்றது புறாவால் பொருத்து. நுனி அகன்று அடி குறுகியதாதலின், இழுக்க இழுக்க இறுகும்.

தொல்காப்பியர், சொற்கள் புணருங்கால் நேரும் திரிபுகளை மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றாக வகுத்தார். தச்சன் கையிலும் அவையே நிகழ்கின்றன. அரைப்பொருத்தில் மரம் குன்றுகிறது. கழுந்தில் முளை மிகுகிறது. புறாவாலில் வடிவு பிறிதாகிறது. புணர்ச்சியை எழுத்தில் ஆய்ந்த இனம், மரத்திற் புணர்ப்பதற்கு அயற்சொல்லை இரந்து நிற்றல் தகுமா?

பட்டறைகளிலோ 'மார்ட்டிசு', 'டெனன்' என்ற சொற்கள் நுழைகின்றன. கழுந்து என்றால் விழிக்கும் இளைஞரும் உளர். பலகைத்தூளை அழுத்திச் செய்த அட்டைகளும் திருகாணிகளும் பெருகவே, கழுந்து செதுக்கும் கை அருகுகிறது. கை ஓய்ந்தால் சொல்லும் மாயும்.

ஆகவே, நும் ஊர் முதிய தச்சரிடம் செல்லுங்கள். ஒவ்வொரு பொருத்துக்கும், கருவிக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதுங்கள். உடன் அமர்ந்து ஒரு கழுந்தேனும் செதுக்கிப் பழகுங்கள். அவர் மறைந்தபின் எந்த அகரமுதலியும் அவற்றை நமக்கு மீட்டுத் தாராது.

தொழிலும் தமிழும் பொருந்துக! வெல்க தமிழ்!